பூச்சிச் சூழலியல் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு உண்மையில் என்ன வேலை இருக்கும்?

வெட்டுக்கிளி

எல்லோருக்கும் வணக்கம். விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் ஒரு பூச்சிச் சூழலியல் ஆய்வகம் இருக்கிறது. இளநிலை மாணவர்களையும் சேர்த்துக்கொள்வதாக வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். "ஆர்வமுள்ளவர்கள் அணுகலாம்" என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. போய்க் கேட்கலாம் என்றால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

பூச்சிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்துக் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகள்தான். உள்ளே போனால் சொந்தமாக ஒரு ஆராய்ச்சி செய்ய விடுவார்களா, இல்லை சீனியர்களுக்கு எடுபிடி வேலைதானா? கணக்கிலும் நான் சுமார்தான். அனுபவம் உள்ளவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

குழிப்பொறி

பெயர் தெரியாதது ஒரு தடையே இல்லை. இதுவரை பெயர் வைத்து விவரிக்கப்பட்ட பூச்சி இனங்களே சுமார் 10 லட்சம். பெயர் வைக்காதவை அதைவிடப் பல மடங்கு என்று கணிக்கிறார்கள். காலமெல்லாம் இதிலேயே கிடப்பவர்கள்கூட, தாங்கள் படித்த பூச்சிக் குடும்பத்தைத் தாண்டிவிட்டால் "ஏதோ ஒரு சின்ன ஈ" என்றுதான் சொல்வார்கள்.

நான் தரையில் வாழும் வண்டுகளில் முனைவர் பட்டம் செய்கிறேன். எங்களிடம் வரும் மாணவர்கள் முதலில் தொடுவது என் புனைபெயரில் இருக்கும் சாமானைத்தான். ஒரு பிளாஸ்டிக் கோப்பையை மண்ணில் புதைப்பது. கேட்க அவ்வளவுதான். ஆனால் கோப்பையின் விளிம்பு மண் மட்டத்துக்குச் சரியாக நிற்க வேண்டும். கொஞ்சம் தூக்கி நின்றாலும் வண்டு உணர்கொம்பால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடும். கோப்பைக்கும் மண்ணுக்கும் நடுவே சந்து இருந்தால் அதிலேயே இறங்கி ஒளிந்துகொள்ளும். உள்ளே, விழுந்த பூச்சி அழுகாமல் இருக்கக் கொஞ்சம் புரோப்பிலீன் கிளைக்கால், அதோடு பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு பரப்பு இழுவிசையைக் குறைக்கும். இல்லாவிட்டால் எடை குறைந்த பூச்சிகள் மேலேயே மிதந்து சுவரேறித் தப்பிவிடும். எத்திலீன் கிளைக்கால் வேண்டாம். அது இனிக்கும், நாய் நரி குடித்தால் சிறுநீரகம் போய்விடும். மேலே மழைக்கு ஒரு கூரை. அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான்.

இனிதான் சுவாரசியம். கோப்பையில் எத்தனை விழுந்தன என்பது அந்த நிலத்தில் எத்தனை இருக்கின்றன என்பதற்கான விடை அல்ல. ஓடித் திரியும் பெரிய வண்டு அதிகம் விழும், ஒரே இடத்தில் கிடப்பது விழாது. வெப்பமான இரவில் எல்லாமே கூடுதலாக நடமாடும், கூடுதலாக விழும். மண்ணைத் தோண்டிய முதல் சில நாட்களில் மட்டும் வழக்கத்தைவிட அதிகம் மாட்டும், தோண்டிய தொந்தரவே அதற்குக் காரணம். ஆக, நாம் எண்ணுவது எண்ணிக்கையும் நடமாட்டமும் கலந்த ஒன்று. "அப்படியானால் உண்மையான எண்ணிக்கையை எப்படித் தெரிந்துகொள்வது?" என்று ஒரு மாணவி கேட்டார். அதுவே அவருடைய திட்டமாயிற்று. அதே இடத்தில் இலைச்சருகை அள்ளி பெர்லீஸ் புனலில் போட்டார். மேலே விளக்கு, கீழே ஆல்கஹால் புட்டி. சருகு காயக் காயப் பூச்சிகள் ஈரம் தேடிக் கீழே இறங்கிப் புட்டிக்குள் விழும். இரண்டு முறைகளும் எந்தெந்த இனத்தில் ஒத்துப்போகின்றன, எதில் முரண்படுகின்றன என்று பார்த்தார். பெரிய கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் கேள்வி முழுக்க அவருடையது.

பழைய_மாணவன்

நல்ல ஆய்வகத்தில் இருப்பவர் நல்லதாகச் சொல்கிறார். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

வாசலில் காகிதம் ஒட்டும் ஆய்வகம் என்றால் அலமாரியில் பிரிக்காத புட்டிகள் குவிந்து கிடக்கின்றன என்று அர்த்தம். நான் சேர்ந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) மலேய்ஸ் பொறிப் புட்டிகளைக் கொடுத்து "வரிசை வாரியாகப் பிரி" என்றார்கள். ஈக்கள் ஒரு குப்பி, குளவிகள் ஒரு குப்பி, வண்டுகள் ஒரு குப்பி. புட்டி எங்கிருந்து வந்தது, எதற்காகப் பிரிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டால் "அது பெரிய திட்டம், அப்புறம் விளக்குகிறேன்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. பிறகு கட்டுரை வந்தது. நன்றியுரையில் "மாணவ உதவியாளர்களுக்கு" என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

வெட்டுக்கிளி, போவதாக இருந்தால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள்.

நுண்ணோக்கிக்காரி

பழைய_மாணவனுக்கு நடந்தது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் பிரிக்கும் வேலையையே கேவலமாகப் பேசுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அதுதான் என் தொழில்.

மலேய்ஸ் பொறி என்பது கூடாரம் மாதிரியான ஒரு வலை. பறந்து வந்து மோதும் பூச்சி மேல்நோக்கி ஏறும். உச்சியில் இருக்கும் புட்டியில் போய் விழும். ஸ்வீடன்காரர் ரெனே மலேய்ஸ், தன் கூடாரத்துக்குள் வந்த பூச்சிகள் மேல் மூலையில் போய்ச் சேர்வதைக் கவனித்து இதை உருவாக்கினார். 1937-ல் அதைப் பற்றி எழுதினார். ஒரு வாரப் புட்டியிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும். அதைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால் முதல் சில மணி நேரம் எல்லாமே பழுப்புக் குப்பைதான். பிறகு கண் பழகும். இறக்கை இரண்டா நான்கா? இரண்டு என்றால், பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலை போன்ற ஒரு குமிழ் இருக்கிறதா? இருந்தால் அது ஈ, எவ்வளவுதான் தேனீ வேஷம் போட்டிருந்தாலும். இடை ஒடுங்கியிருந்தால் குளவிப் பக்கம் போங்கள்.

எங்களிடம் வந்த ஒரு பையன் தேனீக்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்றின் வயிற்றில், இரண்டு தகடுகளுக்கு நடுவே, பழுப்பாக ஒரு செதில் துருத்திக்கொண்டிருப்பதைக் காட்டினான். அழுக்கு என்று நினைத்து ஊசியால் தள்ளிப் பார்த்திருக்கிறான், வரவில்லை. ஸ்டிரெப்சிப்டெரா என்ற வரிசையைச் சேர்ந்த ஒட்டுண்ணிப் பெண் அது. வளர்ந்த பிறகும் தேனீயின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். தலையும் நெஞ்சும் சேர்ந்த பகுதியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த நாளிலிருந்து பழைய புட்டிகளையெல்லாம் எடுத்து, எந்த மாதத்தில் எத்தனை தேனீக்களில் இது இருக்கிறது என்று அவனாகவே எண்ண ஆரம்பித்துவிட்டான். இப்படியொரு கேள்வி நூலகத்தில் உட்கார்ந்தால் வராது.

லேபிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடம், ஆயத்தொலைவு, தேதி, பிடித்தவர், பிடித்த முறை. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். அப்போதுதான் எது நாள், எது மாதம் என்ற குழப்பம் வராது. புட்டிக்குள் போடும் சீட்டில் பென்சில்தான். பால்பாயிண்ட் பேனா ஆல்கஹாலில் கரைந்து காணாமல் போகும். லேபிள் இல்லாத பூச்சி எவ்வளவு அபூர்வமானதாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படாது.

பழைய_மாணவன்

மேடம், அந்தப் பையன் செதிலைக் காட்டியபோது பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். என் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தச் செதிலை நானும் பார்த்திருக்கலாம், தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். பக்கத்தில் ஆள் இருந்தால் அது பயிற்சி, இல்லாவிட்டால் கூலி இல்லாத கூலிவேலை. நான் சொல்வது அவ்வளவே.

நுண்ணோக்கிக்காரி

சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆய்வக_ஆசிரியை

ஒரு சிறிய ஆய்வகத்தை நடத்துகிறேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

ஒரு புதிய மாணவருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ஆராய்ச்சி மாணவரின் நேரம் வாரக்கணக்கில் போகும். அந்தப் புதியவர் தேர்வு வருகிறது என்று மூன்றாம் வாரமே நின்றுவிட்டால் இருவருக்கும் நஷ்டம். அதனால் முதல் பருவத்தில் பெரிய பொறுப்பு கொடுக்க மாட்டேன். புட்டி பிரிப்பது, பூச்சி வளர்ப்புக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்வது, குறிப்பேட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவது. ஆனால் எந்தப் புட்டியும் எந்தக் கேள்விக்காக வந்தது என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். வாரக் கூட்டத்திலும் உட்கார வைப்பேன். புரியாவிட்டாலும் பரவாயில்லை, காதில் விழட்டும்.

சலிப்பான வேலைக்கு என்ன மதிப்பு என்பவர்களுக்கு 2017-ல் வந்த ஜெர்மனி ஆய்வைச் சொல்வேன். கிரெஃபெல்ட் நகரின் பூச்சியியல் சங்கத்தார் 1989 முதல் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் மலேய்ஸ் பொறி வைத்து, விழுந்ததை ஒரே முறையில் எடை போட்டு, புட்டிகளையும் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் அல்லர். 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 76 சதவீதம் குறைந்திருந்தது அதில் தெரிந்தது. வருஷத்துக்கு வருஷம் முறையை மாற்றியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பே இருந்திருக்காது. (எல்லா இடத்திலும் எல்லாப் பூச்சியும் இதே வேகத்தில் குறைகின்றன என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது தனி விவாதம்.)

சூழலியல் என்றால் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மணத்தை ஆராயும் ஆய்வகங்கள் உண்டு. 1959-ல் பட்டுப்பூச்சியின் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்தெடுக்க பூட்டெனான்ட் குழுவினர் சுமார் 5 லட்சம் பெண் அந்துப்பூச்சிகளைப் பயன்படுத்தினார்கள். இப்போது ஒரே ஒரு உணர்கொம்பில் மின்முனை பொருத்தி, எந்த வாசனைக்கு அதில் மின்துடிப்பு வருகிறது என்று ஒரு மதிய நேரத்தில் பார்த்துவிடலாம். டிஎன்ஏ பக்கம் போனால், 2003-ல் பால் ஹீபர்ட் குழு முன்வைத்த பார்கோடு முறை. சிஓ1 மரபணுவின் 658 எழுத்துகளை வைத்து இனத்தை அடையாளம் காண்பது. கணினி பிடித்தால் அதற்கும் வேலை இருக்கிறது.

கட்டுரையில் பெயர் வருவது பற்றி: தொடங்கும் முன்பே கேளுங்கள். கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியரிடம் சேராமலிருப்பதே நல்லது. எங்கள் ஆய்வகத்தில் கேள்வியை வகுப்பதிலோ தரவை அலசுவதிலோ எழுதுவதிலோ பங்கு இருந்தால் ஆசிரியர் பட்டியலில் இடம். பிரித்துக் கொடுத்தது மட்டும் என்றால் பெயர் குறிப்பிட்டு நன்றி. "மாணவ உதவியாளர்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் போடுவது எனக்கும் பிடிக்காது.

இலைமறை

ஒரு சங்கடமான கேள்வி. எனக்கும் இதில் ஆசைதான். ஆனால் கொத்துக்கொத்தாகக் கொல்ல மனம் வரவில்லை. சிரிக்காதீர்கள்.

குழிப்பொறி

யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆய்வகத்துக்குள்ளேயே இது ஓடும் பேச்சுதான். முதுகெலும்புள்ள விலங்குகளுக்கு இருக்கும் நெறிக்குழு அனுமதி பெரும்பாலான நாடுகளில் பூச்சிகளுக்குக் கிடையாது. அதனால் யோசிக்க வேண்டியதும் இல்லை என்று ஆகிவிடாது. 2022-ல் லண்டனில் பம்பிள் தேனீக்களை வைத்துச் செய்த ஆய்வில், எந்தப் பரிசும் இல்லாமலே அவை சின்ன மர உருண்டைகளைத் திரும்பத் திரும்ப உருட்டின. விளையாட்டு என்றுதான் அந்தக் குழு அதைச் சொன்னது. அதைப் படித்த பிறகு பொறிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது "எதற்கும் இருக்கட்டும்" என்று பத்து கூட்டிப் போடும் பழக்கத்தை எங்கள் குழு விட்டது. நமக்கு வேண்டாத குடும்பத்துப் பூச்சிகளைக் கொட்டாமல், அதைப் படிப்பவர்களுக்கு அனுப்புகிறோம்.

கொல்லாமல் செய்ய நிறைய இருக்கிறது. தும்பி இறக்கையில் எண் எழுதி விட்டுவிட்டு மறுபடி பிடிப்பது ஒரு வழி. முதல் முறை 80 பிடித்துக் குறியிட்டீர்கள். அடுத்த முறை பிடித்த 60-ல் 12 ஏற்கெனவே குறியிட்டவை. 80-ஐ 60-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 400, அதுதான் குளத்தில் இருப்பவற்றின் மதிப்பீடு. குறி அழியக்கூடாது, குறியிட்டதால் பறவை கண்ணில் அதிகம் பட்டுவிடக்கூடாது, இடையில் புதிதாக வந்து சேர்வதும் வெளியேறுவதும் பெரிதாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் நிறைவேறுகின்றனவா என்று சோதிப்பதே ஒரு மாணவத் திட்டத்துக்குப் போதும். பூவுக்கு யார் வருகிறார்கள் என்று நேரம் குறித்து உட்கார்ந்து பார்ப்பது இன்னொன்று. கடுமையான வேலை, சாகசம் ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் சாகவும் இல்லை.

ஆனால் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளிலோ மண்வாழ் பூச்சிகளிலோ கொல்லாமல் இனம் சொல்வது இப்போதைக்குப் பெரும்பாலும் முடியாத காரியம். அந்தத் துறைக்குப் போய்விட்டு வருத்தப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

எண்களின்_தோழன்

"கணக்கில் சுமார்" என்றீர்களே, அதற்கு வருகிறேன். கால்குலஸ் வேண்டாம். ஆனால் வலையைத் தொடுவதற்கு முன்பே ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

பூச்சிமருந்து அடித்த வயல் ஒன்று, அடிக்காத வயல் ஒன்று. ஒவ்வொன்றிலும் 20 மஞ்சள் தட்டு (நிறத்தால் பூச்சியை ஈர்த்துப் பிடிக்கும் தண்ணீர்த் தட்டு) வைக்கிறீர்கள். மொத்தம் 40 தட்டு. மாதிரி அளவு 40 என்று சந்தோஷப்படுவீர்கள். இல்லை, ஒரு பக்கத்துக்கு ஒன்றுதான். ஏனென்றால் மருந்து அடிக்கப்பட்டது வயலுக்கு, தட்டுக்கு அல்ல. அந்த இரண்டு வயல்களும் மருந்தைத் தவிர நூறு விதங்களில் வேறுபடலாம்: பக்கத்தில் ஓடை, வரப்பில் பூச்செடி, மண்ணின் ஈரம். தட்டை இருபதிலிருந்து இருநூறாக்கினாலும் அந்தச் சிக்கல் தீராது. வயல்களைக் கூட்ட வேண்டும், தட்டுகளைக் குறைக்கலாம். 1984-ல் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் இதற்குப் போலி மறுசெய்கை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார். அதற்குள் அச்சேறிவிட்ட ஆய்வுகள் பலவற்றில் இதே ஓட்டை இருப்பதைக் காட்டினார். இன்றும் மாணவர் ஆய்வேடுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எறும்பு என்றால் இன்னொரு தலைவலி. புற்றுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை மாட்டிக்கொண்டால் அதில் மட்டும் 400 இருக்கும், மற்றவற்றில் மூன்று நான்கு. சராசரி எடுத்தால் அந்த ஒரு கோப்பையே மொத்தக் கதையையும் சொல்லிவிடும். அதனால் எறும்புக்காரர்கள் தலையை எண்ணாமல், எத்தனை கோப்பைகளில் அந்த இனம் இருந்தது என்று எண்ணுவார்கள்.

புள்ளிவிவரம் அலசப் பயன்படும் ஆர் (R) கணினி மொழி கொஞ்சம் பழகுங்கள், இலவசம்தான். எக்செல்லில் ஒரு வரிசைக்கு ஒரு பதிவு, ஒரு நிரலுக்கு ஒரு விவரம் என்று ஒழுங்காக ஏற்றத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கட்டங்களுக்கு வண்ணம் அடித்து அதில் அர்த்தம் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். தரவை ஆருக்குள் ஏற்றும்போது அந்த வண்ணம் பொதுவாகக் கூடவே வராது.

வெட்டுக்கிளி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. எண்களின்_தோழன் அண்ணா, தட்டு உதாரணம் இரண்டாம் முறை படித்தபோதுதான் விளங்கியது.

கடிதம் ஒன்று எழுதியிருக்கிறேன். ஆய்வக_ஆசிரியை மேடம், பார்த்துச் சொல்லுங்கள்:

"மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, சிறுவயது முதலே இயற்கையின் மீதும் பூச்சிகளின் மீதும் தீராத ஆர்வம் கொண்ட நான், தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் ஒரு வாய்ப்பு கிடைத்தால் அதைப் பெரும் பாக்கியமாகக் கருதுவேன். எந்த வேலை கொடுத்தாலும் செய்யத் தயாராக இருக்கிறேன்…"

ஆய்வக_ஆசிரியை

இதே கடிதம் வாராவாரம் வருகிறது, கையெழுத்து மட்டும்தான் மாறும். "சிறுவயது முதலே" என்பதை எடுத்துவிடுங்கள். கரப்பான்பூச்சி தவிர ஒன்றும் தெரியாது என்று இங்கே உண்மையாக எழுதினீர்கள், அந்தக் குரல் எங்கே போயிற்று? "எந்த வேலையும்" என்பதும் வேண்டாம், அது பணிவாகத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவைதான்: எங்கள் ஆய்வகம் வெளியிட்ட ஒரு கட்டுரையாவது படித்தீர்களா, அதில் எது புரியவில்லை? வாரத்தில் எந்தெந்த நாள், எத்தனை மணி நேரம் நிச்சயமாக வர முடியும்? எப்போது முடியாது? எவ்வளவு காலம் இருப்பீர்கள்? பத்து வரி போதும். புரியாததைக் கேட்டு எழுதும் மாணவரை உடனே கூப்பிடுவேன். அதைவிட நல்ல அறிமுகம் எனக்குத் தெரியாது.

பழைய_மாணவன்

பேராசிரியரைப் பார்க்கும் முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் இளநிலை மாணவரைப் பிடியுங்கள். "நீ இப்போது செய்யும் வேலை எந்தக் கேள்விக்காக?" என்று மட்டும் கேளுங்கள். அவர் விளக்கினால் சேருங்கள். முழித்தால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும். அவர் எண்ணிய தரவை அவரே அலசிப் பார்க்க விட்டார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.

தும்பிப்பிரியன்

ஆய்வகமே இல்லாத கல்லூரியில் படிப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக. ஜிபிஃப் தரவுத்தளத்தில் உலகெங்கும் உள்ள அருங்காட்சியக மாதிரிகளும், பொதுமக்கள் படமெடுத்துப் போடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தின் பதிவுகளும் கோடிக்கணக்கில் கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். ஒரு தும்பி இனம் எந்த மாதத்தில் முதலில் பறக்கிறது, அது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா என்று பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: பதிவுகள் சாலை ஓரத்திலும் விடுமுறை நாளிலும்தான் குவியும். பூச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது, படம் எடுப்பவருக்குத் தெரியும். பதிவு கூடியதைப் பூச்சி கூடியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாணிவண்டு

வெளிநாட்டுக் கோடைத் திட்டங்கள் பற்றி யாராவது?

குழிப்பொறி

தகுதி வரியை முதலில் படியுங்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயூ திட்டங்கள் உதவித்தொகையோடு வரும், சுமார் பத்து வாரம், ஆனால் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். பனாமாவில் இருக்கும் ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனம் போன்ற இடங்கள் பல நாட்டு மாணவர்களையும் எடுக்கும். எங்கே போனாலும் பூச்சி மாதிரிகளை எல்லை தாண்டிக் கொண்டுவர அனுமதி வேண்டும். 2014-ல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறைக்குப் பிறகு இதில் கெடுபிடி கூடியிருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

நுண்ணோக்கிக்காரி

பாதுகாப்பு பற்றி யாரும் பேசவில்லை. குளவி கொட்டி எப்போதாவது மூச்சு முட்டியிருந்தால், உடம்பெல்லாம் தடித்திருந்தால், சேரும் நாளே சொல்லிவிடுங்கள். களத்துக்கு எப்பினெஃப்ரின் ஊசி (கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்து) எடுத்துப் போக வேண்டியிருக்கும். வெட்டுக்கிளி, கரப்பான் வளர்க்கும் அறைகளில் வேலை செய்பவர்களுக்கு நாளடைவில் ஒவ்வாமை வருவது தெரிந்த விஷயம். தும்மல், கண் அரிப்பு என்று தொடங்கும். முகமூடி, கையுறை, மேலங்கி கேட்டு வாங்குங்கள். (வெட்டுக்கிளி என்றது பூச்சியை, உங்களை அல்ல.)

வெட்டுக்கிளி

போய் வந்தேன்!

பழைய_மாணவன் அண்ணா சொன்னபடி முதலில் அங்கே இருந்த மூன்றாமாண்டு அக்காவைப் பிடித்தேன். கேள்வியைக் கேட்டதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டு வரைபடமே போட்டுக் காட்டிவிட்டார். அப்புறம்தான் பேராசிரியரிடம் போனேன். கட்டுரையில் புரியாத இடத்தைக் கேட்டேன். "அது எங்களுக்கும் சரியாகத் தெரியாது" என்றார்.

முதல் பருவம் பயறு வண்டு வளர்ப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரளவு பழகியதும் ஒரு சின்னச் சோதனை நானே செய்யலாமாம். தாய் வண்டு ஏற்கெனவே முட்டை இருக்கும் பயறைத் தவிர்க்கும் என்று படித்தேன். பயறு குறைவாக இருந்தால் அந்தத் தயக்கம் எந்த அளவில் உடைகிறது என்று பார்க்க நினைக்கிறேன். ஒரு கிண்ணத்தில் 5 பயறு, இன்னொன்றில் 20, இன்னொன்றில் 40. சரியா?

எண்களின்_தோழன்

கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு அளவுக்கு ஒரு கிண்ணம் என்றால் மறுபடியும் அந்த இரண்டு வயல் கதைதான். இங்கே அலகு பயறு அல்ல, தாய் வண்டு. ஒவ்வொரு பயறு அளவுக்கும் பல கிண்ணங்கள், ஒரு கிண்ணத்துக்கு ஒரே ஒரு தாய். கிண்ணங்களை அடுக்கில் கலந்து வையுங்கள். ஐந்து பயறுக் கிண்ணங்கள் எல்லாம் விளக்குக்குப் பக்கத்தில் போய்விடக்கூடாது.

ஆய்வக_ஆசிரியை

நல்ல பூச்சியைத்தான் கொடுத்திருக்கிறார். 30 டிகிரி வெப்பத்தில் சுமார் நான்கு வாரத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். வளர்ந்த வண்டுக்கு உணவும் தண்ணீரும் இல்லாமலே முட்டையிட முடியும். ஒரு பருவத்துக்குள் இரண்டு முறை செய்து பார்க்கலாம்.

எல்லாத் தாய்களும் ஒரே வயதாக, ஒரே நேரத்தில் ஒரு ஆணோடு சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அதற்கு முட்டை ஒட்டிய பயறுகளை முன்கூட்டியே தனித்தனிக் குழியில் போட்டுவிடுங்கள். வெளிவரும் வண்டு வேறு யாரையும் சந்தித்திருக்காது. பின்பக்கத் தகட்டில் இரண்டு கறுப்புப் பட்டை இருந்தால் பெண், வெறுமையாக இருந்தால் ஆண்.

வெட்டுக்கிளி

குறித்துக்கொண்டேன் மேடம். முட்டையை எப்போது எண்ணுவது? இட்ட அன்றே எண்ணினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது.

நுண்ணோக்கிக்காரி

ஒரு வாரம் பொறுங்கள். பொரித்த புழு அடியில் பயறைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்போது அதன் கழிவும் பயறுத் தூளும் முட்டை ஓட்டுக்குள் நிரம்பும். அதனால் பொரித்த முட்டை வெள்ளையாகத் தெரியும், பொரிக்காதது கண்ணாடி மாதிரியே இருக்கும். இரண்டையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள், பயறு வாரியாக. ஒரு பயறில் நான்கைந்து முட்டை இருந்தால் ஓரத்தில் இருப்பது கணக்கில் விட்டுப்போகும். எண்ணியதற்கெல்லாம் மெல்லிய பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே பயறைத் திருப்புங்கள்.